பதினொரு பலகை

லொரேன் டொலிவர் அவர்களுக்கு,
"முகாமையாளர், ஓரியன் தியேட்டர், திருகோணமலை"
என்று நீங்கள் எழுதிய கடுதாசி
எட்டு வாரம் அலைந்து என்னிடம் வந்தது.
இங்கே தியேட்டர் இல்லை.
நான் வலை விற்கிறவன்.
திரை தொங்கிய சுவரில் நைலோன் கட்டுகள்,
படம் ஓட்டிய அறையில் எஞ்சின் சாமான்.

உங்கள் தெரு அரங்கைப் பற்றி எழுதியிருந்தீர்கள்:
ஊரின் மற்றக் கொட்டகைகளில்
பின்படி ஏறிக் கூரைக்குக் கீழ் ஒண்டிய கறுப்புச் சனம்
அங்கே மட்டும் முன்வாசலால் நுழைந்தது என்று.
ஞாயிற்றுக்கிழமைத் தொப்பிகள். ஊதுகுழல்கள்.
பாட்டுக்காரியை "இன்னொன்று, இன்னொன்று" என்று
வீட்டுக்கு விடாத கூட்டம்.
பத்து வயதில் அப்பா அங்கே திரை இழுத்தாராம்.
இப்போது அது கார் நிறுத்துமிடம்.

நாற்பத்துநாலில் அவர் வந்த கப்பலில்
அவருக்குக் கிடைத்த போர்
அதிகாரிகளின் கோப்பை கழுவுவது.
இங்கும் பால்கனி வெள்ளைக்குத்தான்.
கலரியில், மண்ணில்,
துறைமுகக் கூலிகளோடு குந்தியிருந்தார்.
சங்கு ஊதி விளக்கு அணைந்த இரவில்
எல்லாரும் வாசலுக்கு ஓட
அவர் மேடைக்கு ஏறினார்.
சப்பாத்து லாடத்தால் பலகையைப் பேசவைத்தார்.
இருட்டில் யாரோ
சிரட்டை தட்டிப் பதில் சொன்னார்களாம்.
யாரென்று சாகும்வரை தெரியாதாம்.

எனக்கும் தெரியாது.
ஆனால் மூட்டை ஏற்றும் கஸ்பார், பாலையூற்றுக்காரன்,
போர்த்துக்கேயன் கப்பலில் கட்டிக் கொண்டுவந்த
ஆபிரிக்கரின் வழிவந்தவன்,
நான் தமிழில் வாசிக்கக் கேட்டு
"அது எங்கட ஆக்கள்தான்" என்றான்.
"எப்படித் தெரியும்?"
"சங்கு ஊதேக்க வேற ஆர் தட்டுவான்?"

மேடையில் மிஞ்சியது பதினொரு பலகை.
குழிகள் உண்டு.
கறையானா, உங்கள் அப்பாவா,
பொய் சொல்ல மாட்டேன்.

ஒரு துண்டு வெட்டி அனுப்பச் சொல்லிக்
காசும் வைத்திருந்தீர்கள்.
வாளை எடுத்தேன்.
கஸ்பார் செருப்பைக் கழற்றிப் பலகையில் ஏறினான்.
ஆடவில்லை.
குதிக்காலால் ஒருமுறை,
பிறகு இருமுறை,
அயல் வீட்டுக் கதவைத் தட்டுகிறவன் மாதிரி.
சத்தம் வலைக்கட்டுகளுக்குள் போய் நின்றது.
"வெட்டினா இது கேக்காது," என்றான்.
"அவவை வரச் சொல்லுங்கோ."

காசைத் திருப்பி அனுப்புகிறேன்.
பலகைமேல் கிடந்த இருபது மூட்டையை
வெளியே எடுத்தாயிற்று.
கார்த்திகை மழைக்கு முன் வாருங்கள்.
பிறகு
மூட்டைகளை உள்ளே வைக்க வேண்டிவரும்.