தயக்கக் கண்ணி

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு
ரெஜினைக் கொண்டுபோய் விட்டோம்,
பாளையங்கோட்டையில் அந்த மஞ்சள் கட்டடத்தில்.
படிவத்தில் பதினேழு கேள்விகள்.
எந்தப் பக்கம் படுத்தால் மூச்சு சீராக வரும்,
கஞ்சி எவ்வளவு கெட்டி,
வலிப்பு கடைசியாக வந்த தேதி.
பிடிக்காதவை என்ற இடத்தில்
மிக்சிச் சத்தம் என்று எழுதினேன்.
பிறகு குக்கர் விசில். அதற்குள் கோடு தீர்ந்துவிட்டது.

செலின் சிஸ்டர் பையை வாங்கிக்கொண்டார்.
"ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு வாங்க,
நாங்க பாத்துக்கிடுதோம்லா."
பதினோரு வருடத்தில்
எங்களிடம் யாரும் சொல்லாத வாக்கியம்.
ஞானதுரை வீட்டுக்குப் போய்
செருப்போடு தூங்கிவிட்டார்.

நான் வண்ணார்பேட்டையில் பஸ் ஏறி
அபிஷேகப்பட்டி ஆய்வகத்துக்குப் போனேன்.
வேறு எங்கே போவதென்று தெரியவில்லை.

இரும்பு, சிலிக்கன், போரான்.
உருக்கி, சுழலும் செம்புச் சக்கரத்தில் பீய்ச்ச,
கண்ணிமைக்குமுன் உறைந்த நாடா.
அணுக்களுக்கு வரிசையாய் உட்கார நேரமில்லை.
கலியாண வீட்டில் கரண்ட் போனதுபோல
நின்ற இடத்தில் நின்றுவிட்டன.

நான்கு மில்லிகிராம் நறுக்கி
குச்சியின் நுனியில் ஏற்றினேன்.
புலத்தைக் கூட்டினேன், குறைத்தேன்,
எதிர்த்திசையில் கூட்டினேன்.
திரையில் ஒரு வளையம்.
ஏறிய வழியே இறங்க மனமில்லாமல்
கொஞ்சம் பிந்தி, கொஞ்சம் விலகி.
பாடப்புத்தகத்தில் இதற்குத் தயக்கம் என்றே பெயர்.
அவசரமாய்க் குளிர்ந்ததில்
உள்ளே ஏதோ இறுகிக் கிடக்கிறது.

இன்னொரு துண்டு, அதே நாடாதான்.
போன வாரம் ஆர்கானில், மிதமான சூட்டில்
ஒரு மணி நேரம் சும்மா போட்டு வைத்தது.
உருகவில்லை. படிகமாகவில்லை.
பார்க்க ஒரு மாற்றமும் தெரியாது.
அளந்தால், வளையம் ஒட்டிப்போய்
கிட்டத்தட்ட ஒரே கோடு.
இரண்டு தரம் அளந்தேன்.

அன்று இரவு இரண்டு மணிக்கு
புரட்டிப் படுக்க வைக்க என் கை நீண்டது.
வெறும் பாயில்
ஞானதுரையின் கை ஏற்கனவே இருந்தது.
லைட்டைப் போட்டோம். டீ போட்டோம்.
மாடியில் காற்று, அந்த ஆனிக் காற்று,
யார் வீட்டுத் தகரத்தையோ அடித்துக்கொண்டிருந்தது.
நான்கு மணிக்கு மறுபடி கை நீண்டது.

சனிக்கிழமை இரவு இரண்டு மணிக்கு மட்டும்.
ஞாயிறு விழித்தபோது
பால் பாக்கெட் வெயிலில் கிடந்தது.
பயந்து எழுந்தேன்.

ஐந்து மணிக்கு என்றார்கள், மூன்றுக்கே போய்விட்டோம்.
ரெஜின் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
திரும்பவில்லை.
"ராத்திரி நல்லாத் தூங்குனான்," என்றார் செலின் சிஸ்டர்,
"காலையில சட்னி அரைச்சோம்.
மிக்சி ஓடுன நேரம் முழுக்க
சிரிச்சாம்லா."

படிவத்தைக் கேட்டு வாங்கி
ஒரு வரியை அடித்தேன்.
அடுத்த தேதி என்ற இடத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.