அளவு நோட்டு

தோட்டம் கைமாறியபோது
ஆபீஸ் கோப்புகளை எங்கே கொட்டினார்கள் என்று
ஒருவருக்கும் தெரியவில்லை.
மருந்தடித்த பெண்களின் பட்டியல் கேட்டு
பீடோர் டவுனெல்லாம் அலைந்துவிட்டு
மழைக்கு என் கடையில் ஒதுங்கியது அந்தப் பெண்.
காஜா எடுத்துக்கொண்டிருந்தேன்.

தர்ஷாயினியாம். புற்றுநோய் ஆராய்ச்சியாம்.
கழுத்தில் அட்டை, காலில் ஊறிய சப்பாத்து.
"யார் யார் பம்பு சுமந்தாங்க,
எந்த வருசம் யாரு இளைச்சாங்க,
எழுதி வச்சவங்க யாராச்சும் உண்டா அக்கா?"

ஊசியைத் துணியில் குத்திவிட்டு
மேல்தட்டிலிருந்து இறக்கினேன்
பதினேழு 555 நோட்டுகள்.
ரப்பர் வளையம் தொட்டதும் உதிர்ந்தது.

பெயர். தேதி. மார்பு. இடுப்பு.
கை நீளம். முதுகு இறக்கம். பாக்கி எவ்வளவு.
தைப்பூசத்துக்கு ஒருமுறை, தீபாவளிக்கு ஒருமுறை,
இருபத்தெட்டு வருசம்
இந்த ஊர்ப் பெண்கள் என் நாடாவுக்குள்
வந்து நின்று போயிருக்கிறார்கள்.

அவள் நோட்டைத் தொட்ட விதம்
நகைக்கடையில் தொடுவது போல இருந்தது.
வாங்கி மூடிவிட்டேன்.
கணக்கு என்னுடையது,
உடம்பு அவரவர்களுடையது.
கேட்டுவிட்டுத்தான் தருவேன்.

வீடு வீடாகப் போனோம்.
"என் இடுப்ப வச்சு யூனிவர்சிட்டில பாடம் நடத்தப் போறீங்களா?"
சாரதாம்பாள் சிரித்துச் சிரித்துக்
கையெழுத்தைக் கோட்டுக்கு வெளியே போட்டாள்.
வெள்ளத்தாயி கதவைச் சாத்தினாள்.
சரி. அவள் பக்கங்களை
இரட்டை நூலால் ஓரம் தைத்து மூடினேன்.

ஒரு பக்கம் இல்லாத ஜெயக்கொடி கேட்டாள்,
"இது என் மகளுக்கு உதவுமா?"
"தெரியாதுக்கா. தெரிஞ்சுக்கத்தான்."

தெரியாது என்று
எங்களிடம் யாருமே சொன்னதில்லை.
டிரஸ்ஸருக்குப் பனடோல் தெரியும்.
சாமியாடிக்குத் திருநீறு தெரியும்.
மானேஜருக்கு, மருந்தால் ஒன்றும் ஆகாதென்று
நன்றாகவே தெரியும்.
ஜெயக்கொடி பேனாவை வாங்கிக்கொண்டாள்.

பூங்காவனத்திடம் கேட்க முடியாது.
உலகநாதனிடம் போனோம்.
விரலை வைத்து மெதுவாகப் படித்தார்:
நாற்பது, நாற்பது, முப்பத்தெட்டு,
முப்பத்தைந்து.
அப்புறம் வெறும் கோடு.
"அரக்குக் கலரு," என்றார், "வாங்கவே வரல இல்ல?"
இன்னும் என்னிடம்தான் இருக்கிறது என்று
சொல்ல வாய் வரவில்லை.
"குடும்மா. அவ யாருக்கும் இல்லன்னதில்ல."

அவரிடம் சொல்லாதது இன்னொன்றும் உண்டு.
அந்த முப்பத்தெட்டாம் அளவின்போது
அக்குளுக்குக் கீழே
கோலிக்குண்டு போல ஒன்று நாடாவில் இடறியது.
"சும்மா கட்டிதான், கண்டுக்காத" என்றாள்.
கண்டுக்கவில்லை.
அந்தப் பக்கம் மட்டும்
அரை அங்குலம் தளர்த்தி வெட்டினேன்.
அழகாக உட்கார்ந்தது ரவிக்கை.

இப்போதெல்லாம் நாடா இடறினால்
வாயில் ஊசியோடு சும்மா நிற்பதில்லை.
துணியை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.
"மொதல்ல கிளினிக்ல மிஸ்ஸி ரோஹானாவைப் பாரு,
அப்புறம் வா, தைக்கிறேன்."
கோபித்துக்கொண்டு
எதிர்க்கடைக்குப் போனவர்கள் நாலு பேர்.
போகட்டும்.

கடைசி நாள், நோட்டெல்லாம் படம் பிடித்த பிறகு
தர்ஷாயினி கேட்டாள்:
"உங்க பேரு எந்த நோட்டுல அக்கா?
நீங்களும் ஆறு வருசம் மருந்தடிச்சதா சொன்னீங்களே."

பதினேழையும் புரட்டினோம்.
என் ரவிக்கைக்கு
பழைய ரவிக்கைதான் எப்போதும் அளவு.

கடைக் கதவை ஒருக்களித்தேன்.
நாடாவை அவள் கையில் கொடுத்துவிட்டு
கைகளைத் தூக்கி நின்றேன்.
பிடிக்கத் தெரியவில்லை பெண்ணுக்கு,
வலிக்குமோ என்று நழுவ விடுகிறாள்.

தளர்த்தாதே, என்றேன்.
இருப்பதை எழுது.