ஏழு லாச்சிப் பெட்டி

கிளிநொச்சிக் கடையில அது
கண்ணாடிக்குப் பின்னால தனி வெளிச்சத்தில நிண்டது:
சிவப்பு, ஏழு லாச்சி, நாலு சில்லு.
ஒரு விரலால இழுத்தன்.
சத்தமில்லாமல் வந்தது,
கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுற ஆள் மாதிரி.

பக்கத்தில மற்றது. நீலத் தகரம்,
மூடியில ஒரு பிடி, கொழுவியில இப்பவே கறள்.
தட்டைத் தூக்க
பழைய பஸ்ஸின்ர கதவு மாதிரிக் கத்தினது.
ஓரம் என்ர விரலைக் கொஞ்சம் கீறியும் விட்டது,
அறிமுகத்துக்கு.

சிவப்பு, ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம்.
நான் காசைக் காசாய் எண்ணுறேல்லை,
கார்பரேட்டராய் எண்ணுறனான்.
ஒண்டு கழுவிப் பூட்ட ஆயிரத்து இருநூறு.
அப்ப நூற்றைம்பத்து நாலு கார்பரேட்டர்;
மிச்சம் இருநூறு ஒரு ரியூப் ஒட்டவும் காணாது.
நீலம் ஒன்பதாயிரத்து ஐந்நூறு.
எட்டுக் கார்பரேட்டர், மீதியில
எனக்கும் பிரதீபாவுக்கும் பிளேன்ரீ.

"ஆயுட்கால உத்தரவாதம், அக்கா" எண்டான்
கழுத்துப்பட்டி இறுகின டிலக்சன்.
ஆற்ற ஆயுள்?
பெட்டியின்ரயோ, என்ரயோ, கொம்பனியின்ரயோ?
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
பழுதெண்டால் கொழும்புக்குக் கொண்டுவரட்டாம்,
பெட்டியோட.

எத்தினை கிலோ எண்டு கேட்டன்.
"சில்லு இருக்கல்லோ அக்கா, நிறை ஏன்?"
எங்கட பக்கம் ஒரு சாமானைப் பார்த்தால்
முதல் கேள்வி அதுதான்.
அவனும் இந்த ஊர்தான்.
பிறகு ஒண்டும் கேளாமல் குனிஞ்சு
அடியில ஒட்டினதை வாசிச்சான்:
எழுபத்தொரு கிலோ, வெறும் பெட்டி.
பிரதீபா என்னைப் பார்த்தாள்.
ரெண்டு பேருமாய்த் தூக்கினால் றோட்டு மட்டும் போகும்.

டேப்பை எடுத்தன்.
அடி லாச்சி நிலத்திலயிருந்து ஆறு அங்குலம்.
மாங்குளத்தில எங்கட கராஜ் சுவரில
போன கார்த்திகை வெள்ளம் போட்ட கோடு பதினாலில.
"அப்ப கீழ் ரெண்டும் வெள்ளத்துக்கு" எண்டாள் பிரதீபா,
"அஞ்சு லாச்சிக்கு ஏழின்ர காசு."
கராஜில பாதிதான் சீமெந்து,
மிச்சக் கிரவலில சில்லு புதையும்.
ஒலுமடு வயலுக்குள்ள லாண்ட்மாஸ்டர் படுத்திட்டுதெண்டு
குலேந்திரம் விடிய அஞ்சுக்கு அடிச்சால்
இந்தச் சிவப்பு வருமோ
என்ர மோட்டச்சைக்கிளின்ர பின்சீற்றில ஏறி?

எண்டாலும் இன்னொருக்கா இழுத்துப் பார்த்தன்.
பத்தாம் நம்பர் சொக்கெற்
இந்த வருசம் மட்டும் ஆறு வாங்கிட்டன்.
மண்ணுக்குள்ள, எஞ்சினுக்குள்ள, ஆற்றையோ பொக்கற்றுக்குள்ள
போன இடம் தெரியாமல் போறது அது.
இங்க அதுக்கொரு பள்ளம் வெட்டியிருக்கு,
அதின்ர அளவில.
அந்தப் பள்ளத்துக்குள்ள
சும்மா என்ர விரல் நுனியை வைச்சன்.

நீலத்தை எடுத்தம்.
மிஞ்சின ஆசைக்கு ஒரு டோர்க் ரெஞ்ச்,
நல்லது, முப்பத்திரண்டாயிரம், அரைவாசி கடன்.
இறுக்கினது போதுமெண்டால் கிளிக் எண்டு சொல்லும்.
எனக்குத் தெரிஞ்ச ஆக்களில
அப்பிடிச் சொல்லுறவை ஒருத்தரும் இல்லை.

வாசலில வைச்சுப் பார்த்தால்
ரெஞ்ச் பெட்டியைவிட ரெண்டு அங்குலம் கூட.
குறுக்கால வைச்சும் மூடி மூடேல்லை.
நிறை கேட்டன், வெள்ளம் அளந்தன்,
வயல் வரைக்கும் யோசிச்சன்.
டேப் கையிலயே இருந்தது.

முறிகண்டியில எல்லாரையும் போல நிப்பாட்டி
ஒரு தேங்காய் உடைச்சு, ரெண்டு சுருள் கச்சான்.
பிரதீபா பின்னுக்கு, மடியில வாய் திறந்த பெட்டி.
புதுப் பெட்டிக்குள்ள முதல் விழுந்தது கச்சான் கோது.

கொக்காவில் தாண்டிப் பள்ளமொண்டில ஏறி இறங்க
முதுகுக்குப் பின்னால ஒரு சத்தம்.
"கிளிக் எண்டதோ?" எண்டன்.
"இல்லை" எண்டாள், வாய் நிறையக் கச்சானோட,
"பிடி கழண்டிட்டுது."