மதிப்பீட்டு அறிக்கை, குழு ஆறு

ஏன் இந்தக் கோணம் என்பது முதற் கேள்வி.
முக்காலியின் ஒரு கால் துவாரகனின் பையில் இருந்தது,
துவாரகன் அன்று வவுனியாவில் இருந்தான்.
தண்டவாளத்தோரம் மழையில் இறுகிப்போய்க் கிடந்த
சீமெந்துப் பை ஒன்றின் மேல்
கமராவை வைத்தோம்.
"தாழ்கோணம் தொழிலாளியின் உருவை உயர்த்துகிறது"
என்று ஓரத்தில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறீர்கள்.
நன்றி, சேர்.

படத்தின் பெயர் 'கேற்'.
நான்கு நிமிடம் பத்துச் செக்கன்.
இணுவில் பக்கம் ஒரு கடவை, தகரக் கொட்டில்,
கை உடைந்த பிளாஸ்ரிக் கதிரை,
அதில் கோணேசரூபன். வயது முப்பத்துநாலு.
நாட்சம்பளம். நிரந்தரமாக்குவினம் என்று
ஒவ்வொரு தேர்தலுக்கும் ஆரோ வந்து சொல்லுவினம்,
அதைச் சொல்லிச் சிரிக்கிற இடம்
படத்தில் இருக்கிறது, மூன்றாம் நிமிடம்.

ஒலி பற்றிய கேள்விக்கு:
ரெயினின் ஹோர்ன் வேறொரு நாளையது.
கோண்டாவில் ஸ்ரேசனில் கஜந்தி போனில் பிடித்தது.
கவனித்துக் கேட்டால் அதற்கடியில்
கச்சான் விற்கிறவரின் குரலும் கேட்கும்.

தொடர்ச்சி பற்றிய கேள்விக்குத்தான்
நான் நாலு நாளாய்ப் பதில் எழுதுகிறேன்.

உண்மையான ரெயின் வந்தபோது
மெமரி கார்ட்டில் இடம் இருக்கவில்லை.
ஜெனிற்றாவின் அக்காவின் கலியாணவீடு
அழிக்கப்படாமல் முழுதாய்க் கிடந்தது.
அடுத்த ரெயினுக்கு மூன்று மணித்தியாலம்,
அதற்குள் வெளிச்சம் போய்விடும்.
"அண்ணை, ஒருக்கா சும்மா பூட்டுங்கோ."
கேட்டது நான்.

அவர் தண்டவாளத்தை அங்காலும் இங்காலும்
இரண்டு முறை பார்த்தார்.
பூட்டினார்.

நின்றன: ஏழெட்டு மோட்டார் சைக்கிள்,
வாழைக்குலை ஏற்றிய லான்ட்மாஸ்ரர்,
முன்பள்ளி வான் ஒன்று,
முன் ராங்கில் பிள்ளையைச் சாய்த்து வைத்திருந்த ஒருத்தர்.
"ரெயின் வருதோ?" என்றார் அவர்.
"வருது" என்றார் கோணேசரூபன்.
இந்த இரண்டு வரியையும் வெட்டிவிட்டோம்.

பிறகு எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பும்.
அந்த இடத்தில் ஹோர்னை வைத்தோம்.
திரையிட்ட அன்று மண்டபத்து இருட்டில்
யாரோ மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது.
இருபதுக்குப் பதினெட்டு.
"வராத ஒன்றை வரவைக்கும் படத்தொகுப்பு."

சேர், அந்தத் தலைகள் திரும்பியது
எங்களைப் பார்க்க.
பற்றைக்குள் குந்தியிருந்து, குடையொன்றைப் பிடித்தபடி,
"இங்க பாக்காதேங்கோ" என்று
கைகாட்டிக்கொண்டிருந்த மூன்று பேரை.

படத்தை அவருக்குக் காட்ட லப்டொப்போடு போனோம்.
வெயிலில் திரை தெரியவில்லை,
துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு பார்த்தார்.
அந்த ஷொட் வந்தது.
"கொடி எங்க?" என்றார்.
"ரெயினுக்குப் பூட்டினா கையில கொடி இருக்கும்.
இதில வெறுங்கை."
"ஆரும் கவனிக்கேல்ல அண்ணை."
"கவனிக்கிற ஆக்கள் இருக்கினம்."
பிறகு துவாயை மடித்து வைத்துவிட்டு,
நல்லா எடுத்திருக்கிறியள் என்றும் சொன்னார்,
தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ என்றும் சொன்னார்.
நாங்கள் குடித்தோம்.

இனி ஒருமுறை செய்தால் எதை மாற்றுவீர்கள்?

முப்பத்தெட்டுச் செக்கனை நேற்று இரவு எடுத்துவிட்டேன்.
படம் இப்போது ஓடவில்லை,
இரண்டாம் நிமிடத்தில் தடுக்கி விழுகிறது.
ஜெனிற்றா என்னோடு கதைக்கிறாள் இல்லை.
கொழும்புப் போட்டிக்குப் போன பிரதியில்
அது அப்படியேதான் இருக்கிறது.
திருப்பி எடுக்க முடியாதாம், கடிதம் எழுதினேன்.

வெட்டிய துண்டை மட்டும் தனியாகப் பார்க்கிறேன்.
முன் ராங்கில் பிள்ளைக்கு ஒரு காலில்தான் சப்பாத்து.
தகப்பன் அதன் நெற்றியில் புறங்கையை வைக்கிறார்,
எடுக்கிறார், திரும்ப வைக்கிறார்.
அவ்வளவு நேரமும் எஞ்சினை நிறுத்தவில்லை.
எங்கே போகிறீர்கள் என்று
நாங்கள் அவரைக் கேட்கவில்லை.
இந்தத் தாளிலும் அப்படி ஒரு கேள்வி இல்லை.