உப்பு வாளி

நாலு கமரா பூட்டினால்
வருடக் காப்புறுதியில் ஏழு வீதம் கழியும் என்று
முகவர் குகனேசன் போனில் சொன்னார்.
கல்குலேட்டரில் அடித்துப் பார்த்தேன்.
இருநூற்றுப் பதினொரு டொலர்.
கமராவுக்கும் கம்பிக்கும் கூலிக்கும் ஆயிரத்து நானூறு.
ஏழாம் வருடம் இலாபம் என்றது கல்குலேட்டர்.
அதுவரை ஓஷாவாவில் இந்தக் கடை இருக்குமா என்று
அதனிடம் கேட்க ஒரு பொத்தானும் இல்லை.

ஹர்ஜோத் ஏணியோடு வந்தான்.
சிகரெட் அலுமாரிக்கு மேலே ஒன்று,
பால் பெட்டிப் பக்கம் ஒன்று,
காசுப்பெட்டிக்கு நேர் உச்சியில் ஒன்று.
"இது உங்களைப் பார்க்க" என்று சிரித்தான்.
நாலாவது வாசலுக்கு வெளியே.
கண்காணிப்பில் உள்ளீர்கள் என்ற ஸ்டிக்கரைக்
கதவில் தானே ஒட்டினான்.
காப்புறுதிக்காரர் முதலில் கேட்டது
அந்த ஸ்டிக்கரின் படத்தைத்தான்.

முதல் கிழமை முழுக்கத் திரையோடு இருந்தேன்.
ஒரு சொக்லேட் களவைப் பிடித்தேன்.
எடுத்தது என் மகன்.
பின்னேரம் மூன்றரைக்கு
கவுண்டரில் தலை சாய்த்து ஒரு பெண் தூங்குகிறாள்,
உச்சியில் முடி கொட்டியிருக்கிறது.
யாரென்று விளங்கக்
கொஞ்ச நேரம் எடுத்தது.

பெப்ரவரி. வியாழன். காலை ஏழு ஐம்பத்திரண்டு.
டொரீன் சுரண்டல் லொத்தருக்கு வருகிறாள்.
இரவு பெய்த மழை வாசலில் கண்ணாடியாய் இறுகியிருக்கிறது.
சத்தமில்லாத படம்.
கால் முன்னால் போகிறது,
கைப்பை மேலே போகிறது,
டொரீன் மட்டும் கீழே வருகிறாள்.
கதவுக்கு உள்ளே
உப்பு வாளி,
மூடி திறக்காமல்.
அதற்கும் உள்ளே
நான் பாண் அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

இடுப்பெலும்பு.

பதிவு முப்பது நாள் நிற்கும்.
பிறகு பழைய நாளின் மேல்
புது நாளை எழுதிவிடும் அந்தப் பெட்டி.
காப்புறுதிக் கடிதம் வந்தது இருபத்தொன்பதாம் நாள்:
பதிவு ஏதும் இருந்தால் அனுப்பவும்.
ஏதும் இருந்தால்.
அந்த இரண்டு சொல்லுக்குள்
போர்வையை இழுத்துப் படுத்துக்கொண்டேன்.
நான் ஒன்றையும் அழிக்கத் தேவையில்லை.
விடிய எழும்பி வழமைபோலக் கடை திறந்தால் போதும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
உப்பிடாதவரை
டொரீனின் இடுப்பு நினைக்கும்,
படியேறும் ஒவ்வொரு முறையும்.

பதினொன்று ஐம்பதுக்குக் கீழே இறங்கி
காரை எடுத்தேன்.
இருட்டுக் கடையில் திரையைத் தட்டி எழுப்பி
யூஎஸ்பியில் இறக்கினேன்.
நல்லவள் என்பதால் இல்லை.
விழுந்து கிடந்த பிறகும்
லொத்தருக்கென்று மடித்து வைத்த பத்து டொலரை
அவள் கையிலிருந்து விடவேயில்லை.
அதைப் பார்த்தது
கமராவும் நானும் மட்டும்தான்.

ஏப்ரலில் புதுப்பித்தல் தாள்.
கமராக் கழிவு: ஏழு வீதம். முதல் வரி.
இரண்டாம் வரியில் இருபத்தாறு கூடியிருந்தது.
"கமரா இல்லாட்டி இன்னும் ஏறியிருக்கும்" என்றார் குகனேசன்.
கமரா இல்லாட்டி என்று
நானும் தொடங்கினேன்.
முடிக்கவில்லை.

மே மாதம்
நாலு கால் நடைவண்டியோடு டொரீன் வந்தாள்.
நிமிர்ந்து வாசல் கமராவைப் பார்த்தாள்.
"இதிலா நான் இருக்கிறேன்? காட்டு."
காட்டக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்தார்.
காட்டினேன்.
மூன்று தரம் பார்த்தாள். பேசவில்லை.
பிறகு,
"அந்தக் கோட் எனக்கு வடிவு" என்றாள்.

இரண்டு சுரண்டல் வாங்கினாள்.
ஒன்று வெறும்.
மற்றதில்
நாலு டொலர் விழுந்தது.