இரண்டாவது மணி

ஆற்றங்கரை ஆச்சிரமம் என்று போட்டிருந்தார்கள்.
யாழ்ப்பாணத்தில் எந்த ஆறு என்று கேளாமல்
ஏழு நாளுக்கும் காசு கட்டியது என் பிழை.

வழுக்கையாறு
ஆவணியில் ஒரு பள்ளம்.
நடுவில் மூன்று மாடு,
கால் ஒன்று போன பிளாஸ்டிக் கதிரை.
"ஆத்தைப் பாத்து அமைதியா இருங்கோ"
என்கிறாள் சுகிர்தமலர்.
கரையில் பாய் விரித்து
மாடுகளைப் பார்த்து இருக்கிறோம்.

இருபத்தாறு வருசம் நின்றவன் நான்,
காரைநகர் பஸ்ஸில் கொண்டக்டர்.
மற்றவர்களை இருத்துவது என் தொழில்:
அங்கால தள்ளுங்கோ, மூண்டு பேர் இருக்கலாம்,
பிள்ளையை மடியில வையுங்கோ.
முழங்கால் தேய்ந்த பிறகு
என்னை இருக்கச் சொல்லி
எழுதித் தந்தார் டொக்டர்.

ஆசனம் என்றால் இருக்கை
என்று முதல் வகுப்பில் சொன்னாள்.
சீற்!
சிரித்துவிட்டேன்.
மௌனம் தொடங்கி
நாற்பது நிமிசம்கூட ஆகவில்லை.

சுவிஸிலிருந்து ஞானசௌந்தரி வந்திருந்தா.
கோப்பாயிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார்.
வங்கியில் வேலை செய்யும் பெடியன் ஒருவன்,
போனை அலுமாரியில் பூட்டிக் கொடுத்துவிட்டு
பெருவிரலை வெறுங்காற்றில்
மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தான்.

விடிய ஐந்தரைக்கு மதகில் முதல் பஸ் ஏறும்.
என் கண் மூடித்தான் இருக்கிறது.
கியர் விழுகிற சத்தம் சொல்கிறது
தவநேசன்தான் ஓடுகிறான்,
கிளச் இன்னும் பார்க்கவில்லை.
மூச்சை எண்ணுங்கோ என்கிறாள்.
மானிப்பாய் உள்ளே போகிறது,
சண்டிலிப்பாய் வெளியே வருகிறது,
சங்கானையில் இறங்கியவருக்கு
பதினைந்து ரூபா மிச்சம் கொடுக்கவேணும்.

மணிதான் பெரிய கரைச்சல்.
தியானம் தொடங்க ஒருதரம் அடிப்பார்கள்.
ஒரு மணி என்றால் நிற்பாட்டு.
இரண்டு அடித்தால் போகலாம்.
உடம்பு நின்றுவிடுகிறது சரியாக.
பிறகு அந்த இரண்டாவதுக்காக
பிடரி, தோள், உள்ளங்கால் எல்லாம்
காத்துக்கொண்டு இருக்கின்றன.
அது அடிப்பதில்லை.

நாலாம் நாள் சவாசனம்.
"பிணம்போல கிடவுங்கோ"
சொல்லி வாய் மூடமுதல்
கிடந்துவிட்டோம் மூன்று பேர்,
நான், வாத்தியார், ஞானசௌந்தரி.
குப்புற.
கை இரண்டும் பிடரியில்,
வாய் கொஞ்சம் திறந்தபடி,
காது போகாமல் இருக்க.

சுகிர்தமலர் கொழும்பில் பிறந்து வளர்ந்தவள்.
எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
பிழை என்று சொல்லவில்லை.
பெடியன் மட்டும் மல்லாக்கக் கிடந்து
தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தான்.
பிறகு அவள்,
அவசரமில்லை, மெல்லத் திரும்புங்கோ, என்றாள்.

மேலே ஓடு.
ஒன்று மட்டும் மாற்றியது, மற்றவற்றைவிடச் சிவப்பு.
ஒரு பல்லி.
வயிற்றை மேலே காட்டிக்கொண்டு
இவ்வளவு நேரம் நான் கிடந்ததில்லை,
வீட்டுக் கட்டிலில்கூட
சுவர்ப்பக்கம் திரும்பித்தான் படுப்பேன்.
முழங்கால் நோகவில்லை.
பக்கத்துப் பாயில் மூச்சு
ஏறி, நின்று, யோசித்து
இறங்குவது கேட்டது.
வாத்தியாரின் கை
இன்னும் பிடரியைவிட்டு வரவில்லை.

ஏழாம் நாளும் மழை இல்லை.
ஆறு வரவில்லை.
மாடு ஒன்று முதுகைக் கதிரையில் தேய்க்க
அது விழுந்தது.

ரிசீற் எழுதித் தந்தார்கள்.
பையோடு வாசலுக்கு வந்தால்
மண்டபத்தில் ஆளில்லை, மணி தொங்குகிறது.
ஆரும் பார்க்கிறார்களோ என்று பார்த்தேன்.
அடித்தேன்.
இரண்டு தரம்.

குசினிக்குள் இருந்து பத்மாவதியக்கா
அகப்பையோடு எட்டிப் பார்த்தா.
"ஆர் போறது?"

மௌனம் முடிய
இன்னும் பத்து நிமிசம் இருந்தது.