மைனஸ் எண்பது

மின்சாரம் போய் ஐந்தாவது மணித்தியாலம்.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை,
டீசலுக்கு வரிசை உண்டு,
வரிசையில் நேற்றிலிருந்து நிலந்த
ஒரு வெற்றுக் கேனுக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறான்.
உறைபெட்டியின் சிவப்பு எண்
ஏறுகிறதா இறங்குகிறதா,
மைனஸில் எப்போதும் எனக்குக் குழப்பம்.
அறுபத்தொன்று. ஐம்பத்தெட்டு.

நஞ்சுக்கு ஒன்றும் ஆகாது.
காய்ந்து மஞ்சள் சீனி மாதிரி
குப்பியின் அடியில் கிடக்கும்.
பத்து வருஷம் கழித்து நீர் விட்டாலும்
சிறுநீரகத்துக்கு வழி மறந்திருக்காது.
கெடுவது சுரப்பி.
விரியனின் கண்ணுக்குப் பின்னால்
பயறளவு தசை, அதற்குள்
‘இதைச் செய்’ என்று மரபணு அனுப்பிய ஓலை.
ஆர்.என்.ஏ.
விரல் வியர்வை பட்டாலே
எழுத்தெழுத்தாய் உதிரும்.

இருபத்திரண்டு கோப்பி விரியன்கள்.
சருகுக்குள் சருகாய்க் கிடந்து
மிதித்தவனைத் தவிர யாரோடும் பகையில்லாதவை.
இந்தியாவிலிருந்து வருகிற குதிரைச் சீரம்
வேறு நான்கு பாம்புகளின் பாஷை படித்தது,
இதன் பேச்சு அதற்கு விளங்காது.
ஆகவே நாங்கள்
ஓலையைப் பிரதியெடுத்துப் பற்றீரியாவுக்குள் வைக்கிறோம்.
பல்லில்லாத, நாக்கில்லாத
அந்தக் குடற்பூச்சி
முப்பத்தேழு பாகையில் இரவெல்லாம் குலுங்கி
விரியனின் ஒரேயொரு சொல்லைத்
திக்கித் திக்கிச் சொல்லும்.
இதுவரை சொன்னது இரண்டு தரம்.
ஒன்று பிழை.

பொரளை ஆஸ்பத்திரியில்
ஒரு உறைபெட்டி உயிரோடு இருக்கிறதாம்.
ஐஸ்கிறீம் கம்பனியில் கெஞ்சி வாங்கிய உலர்பனி,
அவர்களுடைய றெஜிபோம் பெட்டியே.
றிஸ்மியின் ஓட்டோவில்
போவதற்கு மட்டும் பெற்றோல்.

நாரஹேன்பிட்டியில் மறித்தார்கள்.
டோர்ச் முதலில் அடையாள அட்டையில்.
என் பெயர் நீளம், அப்பாவின் பெயர் அதைவிட.
பிறந்த இடத்தில் வெளிச்சம்
கொஞ்ச நேரம் நின்றது.
‘பெட்டிக்குள் என்ன?’

ஐஸ்கிறீம் என்றிருக்கலாம்.
வெளியே படத்தோடு அச்சடித்திருந்தது.
இரண்டாயிரத்தேழில் இதே சந்தியில்
என் சோற்றுப்பார்சலைக் குத்திப் பார்த்த கம்பி
ஞாபகம் வந்தது, ஏனோ பொய் வரவில்லை.
‘விஷ’ என்றேன்.
கடைசி எழுத்தை விட்டுவிட்டால் போதும்,
எங்கள் சொல் அவன் சொல்.
றிஸ்மி கண்ணை மூடிக்கொண்டான்.

மூடியைத் திறந்தேன்.
வெண்புகை விளிம்பால் வழிந்து
அவன் சப்பாத்தின் மேல் படுத்தது.
துப்பாக்கி ஓரடி பின்னால் போயிற்று.

‘எந்தப் பாம்பு?’
‘குனகட்டுவா.’
டோர்ச்சை அணைத்தான்,
பற்றரியை மிச்சம் பிடிக்கவோ என்னவோ.
அண்ணனாம். அவிசாவளைப் பக்கம்
நெற்றியில் லைட் கட்டி
விடியமுன் இறப்பர் வெட்டப் போனவன்.
முள் குத்தின மாதிரி என்றானாம்.
இப்போது கிழமைக்கு இரண்டு தரம்
இரத்தம் கழுவ பஸ் ஏறுகிறான்.
இந்தக் கிழமை பஸ் இல்லை.

‘மருந்து எப்போது வரும்?’

‘பார்க்கிறோம்’ என்றேன்.
அமைச்சர் ஒருவர் என் தொண்டையில் பேசியதுபோல் இருந்தது.
மூடியை அவனே மூடினான்.
விளிம்பைச் சுற்றி உள்ளங்கையால்
காற்றுப் போகாமல் அழுத்தினான்.
உலர்பனி மூச்சுவிட இடம் வேண்டும்,
அடைத்தால் வெடிக்கும். அவனுக்குத் தெரியாது.
அடுத்த வளைவு வரை அப்படியே விட்டுப் பிறகு
கொஞ்சம் தளர்த்தினேன்.

இரண்டு நாள் கழித்து ஜெல்லில் ஓட்டினோம்.
இருபத்தொன்றில் கோடு தெளிவு.
பதினேழாவது குப்பியில் மட்டும்
மழையில் கிடந்த கடதாசி மாதிரி ஒரு மங்கல்.
நிலந்த வந்தான், கேனில் அரைவாசி டீசல்.
‘பதினேழு எங்கே பிடித்தது?’
பதிவேடு என் முழங்கையடியில்தான் இருந்தது.
நான் புரட்டவில்லை.
இன்னொன்று பிடிப்போம் என்றேன்,
மழை தொடங்கட்டும்,
சருகு நனையட்டும்.